மீதிச் செய்தி

நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்ததைப் பார்த்தேன். நம் பள்ளிக்கூடத்தில் இந்த வருடமும் ஆண்டு இறுதி மலர் போடுகிறார்களாம். போன மாதம் நடந்த விழாவின் செய்திகள், படிப்பை முடித்து வெளியே போகிற பிள்ளைகளுக்கு வழிகாட்டும் கட்டுரைகள், பழைய மாணவிகள் ஆளுக்கொரு பக்கம். கீழே உங்களில் ஒருத்தி, “இவ நல்லா எழுதுவா, இவளையே கேளுங்க” என்று என்னைக் கோத்துவிட்டிருக்கிறாள். மகராசி, நன்றாக இரு. பிள்ளைகளுக்கு நம்பிக்கை தருகிற மாதிரி நாலு வார்த்தை வேண்டுமாம். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது ஒரு பழைய செய்தி. நாம் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, இதே மாதிரி ஓர் ஆண்டு இறுதி விழாவில், மைக் முன்னால் நின்று என் அக்கா வாசித்தது. முதல் பாதியை நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள். மீதி உங்கள் காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது. இத்தனை வருடம் அதை நான் ஒருத்தியாக வைத்துக்கொண்டிருந்துவிட்டேன். இனிமேல் முடியாது.

அந்தப் பழைய ஹால் ஞாபகம் இருக்கிறதா? மாதா சிலை வைத்த கல்குகை மாதிரி கெபிக்கு எதிரே, சிவப்புத் தரை போட்டு நீளமாக இருக்குமே. மாசி வெயிலிலும் தரை சில்லென்றிருக்கும். எழுந்து பார்த்தால் வெள்ளைப் பாவாடையின் பின்பக்கம் சிவப்பாகியிருக்கும், வீட்டில் போய் உதை வாங்குவோம். சின்ன வகுப்புக்காரிகளான நமக்கு முன்பக்கம் தரையில் இடம், பெற்றோர் பின்பக்கம் பெஞ்சில். மெழுகுவர்த்தி வாசமும், பின்னால் அம்மாமார் தலையில் வாடிக்கொண்டிருக்கும் பூவின் வாசமும் சேர்ந்து தூக்கம் சொக்கும்.

தலைமையாசிரியையைப் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கொண்டுவந்த வழக்கம் அது. வருடக் கடைசியில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, ரேடியோவில் வாசிப்பது போலவே, பள்ளிக்கூடத்து வருடச் செய்திகளை வாசிக்க வேண்டும். எந்த சிஸ்டர் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனார், கோ-கோவில் யாரைத் தோற்கடித்தோம், இடி விழுந்து கருகிப்போன தென்னை, புதிதாகப் போட்ட அடிபம்பு, எல்லாம் வரும். கடைசியில் ஒரு பகுதி: ‘இந்த ஆண்டு மணமாகி நம்மிடமிருந்து விடைபெற்ற சகோதரிகள்.’ படிப்பைப் பாதியில் நிறுத்திக் கட்டிக்கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நாம் கைதட்டுவோம்.

பெரிய சிஸ்டர் நல்ல மனதோடுதான் அதைச் சேர்த்தார். பாதியில் போன பிள்ளையையும் பள்ளிக்கூடம் மறக்கவில்லை என்று காட்ட நினைத்தார். நமக்கு அதெல்லாம் தெரியுமா? சடங்கு வீட்டில் ஒருத்தி குலவை போட்டால் மற்றவளும் போடுகிற மாதிரி, பெயர் காதில் விழுந்ததும் கை தானாகச் சேர்ந்துகொள்ளும். எட்டாவதில் ஒருத்தி, ஒன்பதாவதில் இரண்டு பேர். முந்தின மாதம் வரை நம்மோடு உப்புத் தொட்டு நெல்லிக்காய் தின்றவர்கள். அவர்களுக்குத்தான் அப்படித் தட்டினோம்.

அது முடிந்தால் வழிகாட்டும் நிகழ்ச்சி. மதுரையிலிருந்து ஒரு ஃபாதர் வருவார். பத்தாவதுப் பிள்ளைகள் வரிசையாக வந்து, தான் என்னவாகப் போகிறாள் என்று மைக்கில் சொல்ல வேண்டும். டீச்சர், நர்ஸ், டீச்சர், நர்ஸ், நடுவில் ஒருத்தி கன்னியாஸ்திரி. ஃபாதர் ஒவ்வொருத்திக்கும் ஒரு யோசனை சொல்லித் தலையை ஆட்டுவார். அந்த மைக்குக்காகத்தான் என் அக்கா அந்த வருடம் முழுவதும் உயிரை வைத்துக்கொண்டிருந்தாள். செய்தி வாசிக்கவும் அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

எங்கள் வீடு வன்னியம்பட்டியில். அப்பா பட்டாளத்தில். வருடத்துக்கு ஒரு தடவை கறுப்பு டிரங்குப் பெட்டியோடு லீவில் வருவார். ஒரு லீவில் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து டிரான்சிஸ்டர் வந்தது. தோல் உறை, முகத்தில் வரிசை வரிசையாகப் பொத்தல், தோளில் மாட்டிக்கொள்ள வார். புதுச்செருப்பும் பட்டாளத்து ரம்மும் கலந்த வாசனை அதற்கு. பாட்டு வந்தால் அக்கா அதை என்னிடம் தந்துவிடுவாள். செய்தி வந்தால் பிடுங்கிக்கொள்வாள். அரிசி என்ன விலை, எந்த மந்திரி எங்கே போனார் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. டெல்லியிலிருந்து வாசிக்கிற அந்தக் குரல்தான் அவளுக்கு வேண்டும்.

அடுப்படிக்குப் பின்னால் பித்தளை அண்டா ஒன்று கவிழ்த்துக் கிடக்கும். அதை நிமிர்த்தி, உள்ளே முகத்தை விட்டு, “செய்திகள்” என்பாள். ஒரு மூச்சு இழுப்பாள். “வாசிப்பது” என்று ஆரம்பித்துத் தன் பெயரைச் சொல்வாள். அண்டா அதைச் சுற்றிச் சுற்றித் திருப்பிச் சொல்லும். எனக்கு அவள் வாசித்த செய்தி எதுவும் ஞாபகமில்லை, பெயருக்கு முன்னால் இழுக்கிற அந்த மூச்சு மட்டும் அப்படியே இருக்கிறது.

“அண்டாவுக்குள்ள என்னட்டி பேச்சு? தண்ணி புடிக்கணும், எந்திரி!” என்று அம்மா கத்துவாள்.

“எம்மா, ரேடியோல எம்பேரு வந்தா நீ கேப்பியா?”

“உம்பேரு அதுல எதுக்கு வருது? காணாமப் போனவுக பேருதான் ரேடியோல வரும்.”

அக்கா அதற்கும் சிரித்தாள். அப்பா லீவில் இருந்தால் பக்கத்து வீட்டு ஆட்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைப்பார். “எம்மக வாசிக்கதக் கேளுங்கய்யா. டெல்லிக்காரன் தோத்தான்!” என்பார். அவள் வாசித்து முடித்ததும் மீசையைத் தடவிக்கொள்வார். நாளைக்கே இவளை ரேடியோ நிலையத்துக்கு ரயிலேற்றிவிடப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

பட்டாளத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு லீவு என்றால் என்ன என்று தெரியும். காதுகுத்து, கிடாவெட்டு, ஓடு மாற்றுவது, வரப்புச் சண்டையைப் பேசித் தீர்ப்பது, எதுவானாலும் அந்த லீவுக்குள் அடக்கியாக வேண்டும். லீவு முடிந்தால் அடுத்த வருடம். அடுத்த வருடம் ஆள் திரும்பி வருவாரா என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அந்த வருடம் அப்பாவின் லீவு மாசியில் வந்து விழுந்தது. ராஜபாளையத்தில் அவரோடு பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார். அவர் மகன் போலீஸ், அக்காவைவிட நன்றாக மூத்தவர். “உனக்கு ஒரு பொண்ணு இருக்குன்னியே” என்று அவர் கேட்டார். “இருக்கு” என்று அப்பா சொன்னார். அவ்வளவுதான் பேச்சு.

பெண் பார்க்க எங்கே வரச்சொல்வது என்பதில் யோசனை சொன்னவள் என் அம்மா. ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“வீட்டுல வச்சுப் பாத்தா பிள்ள காப்பித் தட்டத் தூக்கிக்கிட்டு நிக்கணும். வேண்டாம்னு போயிட்டாகன்னா ஊரு சிரிக்கும். பள்ளிக்கூடத்து விழாவுக்கு வரச் சொல்லுங்க. இவ மேடையில நின்னு வாசிக்கப் போறா. வந்தமா, பாத்தமான்னு போகட்டும். பிள்ளைக்கும் தெரிய வேண்டாம்.”

நம் பக்கத்தில் கோயில் பிராகாரத்தில் வைத்துப் பெண் பார்ப்பதில்லையா? அந்த மாதிரி. அம்மா அந்தக் காலத்தில் காப்பித் தட்டோடு நின்று, வேண்டாம் என்று சொல்லப்பட்டவள். தன் மகள் அந்த அவமானத்தைப் படக்கூடாது என்று நினைத்தாள். அவளை இன்றைக்கு வாய்க்கு வந்தபடி ஏச நினைத்தாலும் என்னால் முடியவில்லை. பாசத்தில்தான் செய்தாள், அதுதான் வயிற்றெரிச்சல்.

நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

“நெசமாவாட்டி?” என்றாள். பிறகு கொஞ்ச நேரம் டிரான்சிஸ்டரின் வாரைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. முதலில் அம்மாவிடம் போனாள். ஆட்டுக்கல்லில் அம்மாவின் கை நிற்கவே இல்லை. “பரீட்சை மட்டுமாவது எழுதிக்கிடுதேன்மா. ரேடியோ வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், பரீட்சை மட்டும்.” “அப்பாகிட்டப் போயிக் கேளு” என்று அம்மா மாவைத் தள்ளினாள். அப்பா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து பூட்சுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

“ரேடியோல வாசிக்கதெல்லாம் பெரிய எடத்துப் பிள்ளைக பாக்குற வேலை தாயி. அங்க நமக்கு யாரு இருக்கா?”

“நீங்கதானப்பா டெல்லிக்காரன் தோத்தான்னு சொன்னீக?”

“சொன்னேன். இப்பவும் சொல்லுதேன். வாசிச்சாப் போதுமா?” பூட்சைக் கீழே வைத்தார். “எங்கூட ஒரே கூடாரத்துல படுத்தவன் போன வருசம் பெட்டியில வீட்டுக்குப் போனான். அவனுக்கும் பொம்பளப் பிள்ளதான். நாம்போயிட்டா உன்னைய யாரு கரையேத்துவா? லீவு முடியுது தாயி.”

அக்கா பாலீஷ் டப்பாவை மூடி அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து வந்தாள்.

கடைசியாகப் பெரிய சிஸ்டர். அவர் அறையின் பச்சை ஜன்னலுக்கு வெளியே நான் நின்றேன். “தோத்திரம் சிஸ்டர்” என்று சொல்லும்போதே அக்காவின் குரல் உடைந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னாள். எங்கள் வீட்டில் வந்து பேசுங்கள் என்று கேட்டாள். சிஸ்டர் நெடுநேரம் ஜெபமாலையை உருட்டினார்.

“நான் உங்க வீட்டு வாசப்படி ஏறினா, மதம் மாத்த வந்துட்டாகன்னு நாளைக்கு ஊரே பேசும் பிள்ள. பொறவு ஒரு வீட்டுலயும் பொம்பளப் பிள்ளைய இங்க அனுப்ப மாட்டாக. இருக்கிற பிள்ளைங்களையும் நான் பாக்கணும்ல?” என்றார். பிறகு ஒரு மாதா படத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். “நீ அன்னைக்கு நல்லா வாசி. உன் குரலக் கேட்டா உங்க அப்பா மனசு மாறும். நான் ஜெபம் பண்றேன்.”

சும்மா அனுப்பி வைக்கச் சொன்ன வார்த்தையோ, உண்மையிலேயே நம்பினாரோ, எனக்கு இன்றுவரை தெரியாது. அக்கா நம்பினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், “அன்னைக்கு நல்லா வாசிக்கணும்ட்டி” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

விழா அன்று அம்மா தன் கல்யாணப் பட்டை எடுத்து அக்காவுக்குச் சுற்றிவிட்டாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் தாவணியில் வந்திருக்க, இவள் மட்டும் பட்டில். தலை நிறையக் கனகாம்பரம். நீங்கள்கூட, “என்னட்டி உங்க அக்கா கல்யாணப் பொண்ணு மாதிரி வந்திருக்கா?” என்று என்னைக் கிள்ளினீர்கள். மூன்றாவது பெஞ்சில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மீசை முறுக்கிய பெரியவர், ஒட்ட வெட்டிய தலையோடு மாப்பிள்ளை, அவருடைய அம்மா. அந்த அம்மாளின் கண் அக்காவின் காலிலிருந்து தலைக்கும் தலையிலிருந்து காலுக்கும் போய்ப் போய் வந்தது. பக்கத்தில் என் அம்மாவும் அப்பாவும்.

அக்கா வாசித்தாள். அடேயப்பா, என்ன வாசிப்பு! மாற்றலாகிப் போன சிஸ்டரைப் பற்றி வாசித்தபோது பின்பெஞ்சில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. கருகிய தென்னையைப் பற்றி வாசித்தபோது எல்லாரும் சிரித்தார்கள். அவள் ஒவ்வொரு செய்திக்கும் நடுவில் தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள். அப்பா நண்பரின் காதில் ஏதோ சொல்லி மீசையைத் தடவினார். அக்கம்பக்கத்தாரை உட்கார வைத்து வாசிக்கச் சொல்வாரே, அதே முகம். மனம் மாறியதாக ஒன்றும் தெரியவில்லை. அதை அவளும் பார்த்தாள்.

கடைசிப் பகுதி வந்தது. இந்த ஆண்டு மணமாகி நம்மிடமிருந்து விடைபெற்ற சகோதரிகள். எட்டாவதில் ஒருத்தி, கைதட்டல். ஒன்பதாவதில் ஒருத்தி, கைதட்டல். இன்னொருத்தி, கைதட்டல். அதோடு தாளில் எழுதியிருந்தது முடிந்துவிட்டது. எனக்குத் தெரியும், ஒத்திகைக்கு நானும் கூட இருந்திருக்கிறேன். அக்கா தாளை மடிக்கவில்லை.

“பத்தாம் வகுப்பு மாணவி” என்றாள். ஒரு மூச்சு இழுத்தாள். அண்டாவுக்கு முன்னால் இழுப்பாளே, அதே மூச்சு. பிறகு தன் பெயரைச் சொன்னாள்.

தட்டினீர்கள் பாருங்கள் ஒரு தட்டு! அந்த ஹால் அதுவரை கேட்காத கைதட்டல். நம் பள்ளிக்கூடத்திலேயே நன்றாக வாசிக்கிற அக்காவுக்குக் கல்யாணம், கேட்க வேண்டுமா? விசில்கூட வந்தது. மைக் வேறு கொய்யென்று கத்தியது. அதற்குள்தான் அவள் மீதியை வாசித்தாள். நான் மேடைக்கு நேர் கீழே, அவள் பட்டுக் கரை மூக்கில் உரசுகிற தூரத்தில் இருந்தேன். ஒரு வார்த்தைகூட விடாமல் எனக்குக் கேட்டது.

“இவருக்கு இன்னும் மணமாகவில்லை. இவர் பள்ளியை விட்டுச் செல்ல விரும்பவில்லை. அரசுத் தேர்வு எழுத விரும்புகிறார். இவருக்காகப் பேச இந்த அரங்கில் எவரேனும் இருந்தால், எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

குரல் நடுங்கவே இல்லை. ரேடியோவில் வாசிக்கிற மாதிரி, மரியாதையாக, ஒரு சொல்லும் இடறாமல் வாசித்தாள்.

எழுந்து நின்றவர் ஒருவர் உண்டு. மாப்பிள்ளையின் அம்மா. முகமெல்லாம் பல்லாக, “பாத்தீகளா, பிள்ளையே வாய் தெறந்து மேடையில சொல்லிட்டா! இனி நாம யாரக் கேக்கணும்?” என்று என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு அவளும் கைதட்டினாள். மேடையில் பெரிய சிஸ்டரின் கைகள் மட்டும் பாதியில் நின்றிருந்தன. அவருக்குக் கேட்டிருக்கிறது. ஆனால் நாற்காலியை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை.

பிறகு வழிகாட்டும் நிகழ்ச்சி. அக்கா அப்போதும் விட்டுவிடவில்லை, பட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். டீச்சர், நர்ஸ், டீச்சர். அவள் முறை வந்தது. ஃபாதர் சிரித்தார். “உனக்குத்தான் முடிவாயிடுச்சேம்மா. சந்தோஷமா இரு. அடுத்த பிள்ளை வா” என்றார். அக்காவுக்கு முன்னால் இருந்த மைக் அடுத்தவளுக்குப் போய்விட்டது.

அப்பா தந்தி கொடுத்து லீவை நீட்டித்தார். பங்குனியில் கல்யாணம். பரீட்சை ஆரம்பித்த அன்று அக்கா ராஜபாளையத்தில் யாருக்கோ பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சீர் சாமான்களோடு டிரான்சிஸ்டரும் போனது. அதை மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு எடுத்துப்போனார், அங்கிருந்து எங்கே போனதோ, அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

கோடை விடுமுறைக்கு என்னை அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த வீட்டு வாசலில் ஒரு வெள்ளை நாய் கட்டிக் கிடக்கும், ரோஸ் மூக்கு, என்னைப் பார்த்தாலே குரைக்கும். மில் சங்கு ஊதினால் வீடே அதிரும். அக்கா கொல்லையில் துவைகல்லுக்கு முன்னால் உட்கார்ந்து துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டே பேசுவாள். “செய்திகள். இன்று காலை சங்கு வழக்கம்போல் ஊதியது. குழாயில் தண்ணீர் வரவில்லை. மாமியாருக்கு மூட்டு வலி நீடிக்கிறது.” நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவள் சிரிக்க மாட்டாள். கடைசியில் ஒவ்வொரு நாளும் அதே வரிதான்: “இவருக்காகப் பேச எவரேனும் இருந்தால், எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” அப்புறம் எனக்கும் சிரிப்பு வருவது நின்றுவிட்டது.

மாமியார் அதைக் கேட்டுவிட்டார். தனியாகப் பேசுகிறாள், நம் பேச்சு மாதிரியும் இல்லை, ஆம்பளைக் குரல் மாதிரி இருக்கிறது. என்ன முடிவுக்கு வருவார்கள்? விழா அன்றைக்குப் பட்டு உடுத்திப் பூ வைத்து உச்சி வெயிலில் பள்ளிக்கூடத்து மரத்தடியில் நின்ற பிள்ளை, ஏதோ பிடித்துக்கொண்டது என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். பேயோட்டுகிறவர். உடுக்கை அடித்துக்கொண்டு அக்காவின் முடியைக் கையில் சுற்றிப் பிடித்தார்.

“யாரு நீ? பேரச் சொல்லு!”

அக்கா தன் பெயரைச் சொன்னாள்.

வேப்பங்குழையால் பளீரென்று ஓர் அடி. “இது இவ பேரு! உம்பேரச் சொல்லு!”

திரும்பவும் தன் பெயரையே சொன்னாள். திரும்பவும் அடி. வேறு என்ன பெயரைச் சொல்வாள் அவள்? நான் அழுதுகொண்டே, “அது அக்காதான், ரேடியோ மாதிரி வாசிக்கா, அம்புட்டுத்தான்!” என்று கத்தினேன். சின்னப் பிள்ளை பயந்துவிட்டது, வெளியே கூட்டிப் போங்கள் என்றார்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள் என்னை இடுப்போடு அணைத்துக்கொண்டு, “பாப்பம், பாப்பம்” என்று தன் பாஷையில் பரிதாபப்பட்டுக்கொண்டே இருந்தார். உள்ளே பெயர் கேட்கும் சத்தமும் அடியும் மாறி மாறி வந்தன. கடைசியில் கேள்விக்குப் பதில் வரவில்லை. போய்விட்டது என்று கோடாங்கி உடுக்கையைக் கீழே வைத்தார். எல்லாருக்கும் காப்பி கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அக்கா வாசிக்கவில்லை. பேசுவதே குறைந்துவிட்டது. கேட்டால் ம், இல்லாவிட்டால் சரி. பிள்ளைகள் பெற்றாள், வளர்த்தாள், புருஷனைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். நல்ல மருமகள், வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாது என்று ராஜபாளையத்தில் அவளைப் புகழாத ஆள் இல்லை. எங்கள் அப்பா ஓய்வுபெற்றுத் திரும்பி வந்து, நீண்ட ஆயுசோடு இருந்துதான் போனார். “எம்மக நல்லா வாசிப்பா” என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது அக்கா பக்கம் பார்க்க மாட்டார்.

போன மாத விழாவுக்கு அவளை நான்தான் வம்படியாக இழுத்து வந்தேன். இத்தனை வருடத்தில் அந்தப் பள்ளிக்கூடத்து வாசலை அவள் மிதித்ததில்லை. உங்களில் நாலைந்து பேர் வந்திருந்தீர்கள். புது அரங்கம், மின்விசிறி, திரையில் படம். ஒரு பிள்ளை ஆண்டுச் செய்தி வாசித்தாள், நன்றாகத்தான் வாசித்தாள். மணமாகி விடைபெற்றவர்கள் என்ற பகுதி இப்போது இல்லை. அக்கா அதற்காகக் கடைசிவரை காத்திருந்து, இல்லை என்றதும் என் கையை ஒரு தடவை அழுத்தினாள்.

வழிகாட்டுவதற்கு ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். கம்பியில்லாத மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி வந்து, பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுக்கொண்டே போனார். முன்வரிசைக்கு வந்ததும் அக்காவிடம் குனிந்தார். “அம்மா, உங்க காலத்துல நீங்க என்னவாகணும்னு ஆசைப்பட்டீங்க? சொல்லுங்க, பிள்ளைங்க தெரிஞ்சுக்கட்டும்.” மைக்கை நீட்டினார்.

வாங்கமாட்டாள் என்று நினைத்தேன். வாங்கினாள். இரண்டு கையாலும் பிடித்தாள். முதுகு நிமிர்ந்தது. மூச்சை இழுத்தாள். அந்த மூச்சை நான் ஏழாம் வகுப்புக்குப் பிறகு கேட்டதே இல்லை.

“கூச்சப்படறாங்க! எல்லாரும் ஒரு பெரிய கைத்தட்டு குடுங்க!” என்றார் அந்தத் தம்பி.

அரங்கம் முழுக்கத் தட்டியது. நீங்களும் தட்டினீர்கள். நல்ல பிள்ளைகள், நல்ல மனதோடு, நிறுத்தாமல் தட்டினார்கள். அது ஓய்வதற்குள் அந்த மூச்சு இறங்கிவிட்டது. அக்கா சிரித்தாள். தலையை ஆட்டி, மைக்கை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். கிருஷ்ணன்கோவில் பக்கமிருந்து வந்த காலேஜ் பஸ்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. பெண்பிள்ளைகள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டும் பேசிக்கொண்டும் போனார்கள். அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“மைக்குல என்னக்கா சொல்ல வந்தே?” என்று கேட்டேன்.

பஸ் ஊர் எல்லையைத் தாண்டும்வரை ஜன்னல் கம்பியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஒண்ணும் பெருசா இல்லட்டி. எம்பேரத்தான் சொல்ல வந்தேன்” என்றாள்.

இதை மலரில் போடுவீர்களோ மாட்டீர்களோ, எனக்குக் கவலையில்லை. அன்றைக்குக் கேட்காமல் போன மீதியை இன்றைக்குச் சொல்லிவிட்டேன். அவள் பெயரை மட்டும் நான் இதில் எங்கேயும் எழுதவில்லை, அதை அவள் வாயால்தான் கேட்க வேண்டும். உங்களுக்கு மனம் இருந்தால் ராஜபாளையத்துக்கு வாருங்கள், நான் கூட்டிப் போகிறேன். அவளுக்கு முன்னால் உட்காருங்கள். பேர் என்ன என்று கேளுங்கள். கேட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு மூச்சு இழுப்பாள், அதற்குள் அவசரப்பட்டுவிடாதீர்கள்.